ரிட்டயர் ஆனதும் போகலாம்

காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கும் எங்கள் கோஷ்டியில் ஏழு பேர். ஏழு பேரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். மகன் வீட்டுக்கு நியூசிலாந்து போய்விட்டு வந்த மறுவாரம் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "மூணு மாசம் இருந்தீரே, பார்த்ததிலே ஒண்ணே ஒண்ணு சொல்லும்" என்றார் ஒருவர்.

"ரோட்டோருவான்னு ஒரு ஊர். அங்கே பூங்காவில் ஒரு வெந்நீர்த் தொட்டி. அதுக்குள்ளே காலை விட்டுக்கிட்டு நானும் வீட்டுக்காரியும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்" என்றேன்.

"இதுக்கு ஏன்வே அவ்வளவு தூரம் போகணும்? வீட்டிலே ஒரு பக்கெட் வெந்நீர் வச்சா தீர்ந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அதிலேயே இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. அதோடு ஒரு கருத்தும் இருக்கிறது. அதைக் கேட்டு என் வயதுக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஊர். ஆக்லாந்திலிருந்து காரில் மூன்று மணி நேரம், ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். அழுகிய முட்டை நாற்றம். பூமிக்குள்ளிருந்து வரும் கந்தக வாயு அது. முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டோம், இரண்டாம் நாள் மறந்துவிட்டோம். ஊருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது பக்கத்தில் இருக்கும் பெரிய ஏரி. மாவோரி மொழியில் 'ரோட்டோ' என்றால் ஏரி, 'ருவா' என்றால் இரண்டு. இரண்டாவது ஏரி என்று பொருள். இரண்டு லட்சம் வருஷத்துக்கும் முன்னால் ஒரு எரிமலை வெடித்து, நிலம் உள்வாங்கிப் பள்ளமாகி, அதில் தண்ணீர் நிறைந்த ஏரி. அதாவது அந்த ஊர்க்காரர்கள் ஒரு பழைய எரிமலையின் வாய்க்குள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். சாலையோரச் சாக்கடை மூடியிலிருந்து ஆவி வருகிறது. சிலர் வீட்டுத் தோட்டத்து வேலிக்குள்ளேயே ஆவி வருகிறது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மகன் மூன்று நாளுக்குத் திட்டம் போட்டிருந்தான். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி, மணிக்கணக்கு எழுதி, பிரிண்ட் எடுத்து என் கையிலும் ஒன்று கொடுத்தான். காலை 10.15-க்கு லேடி நாக்ஸ் ஊற்று, பிறகு வைஓடாபு வண்ணக் குளங்கள், மதியம் டாப்போ போய் ஹூக்கா அருவி, மாலையில் கேபிள் காரில் மலையேறி அங்கிருந்து சறுக்கு வண்டியில் இறங்குவது. இதெல்லாம் முதல் நாளுக்கு மட்டும்.

லேடி நாக்ஸ் ஊற்று ஒரு வேடிக்கை. தினமும் சரியாக 10.15-க்கு ஒரு ஆள் வந்து ஊற்றின் வாயில் சோப்பைப் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் நுரை தள்ளிக்கொண்டு வந்து, அப்புறம் வெந்நீர் உயரமாகப் பீச்சியடிக்கிறது. 1901 வாக்கில் அங்கே திறந்தவெளிச் சிறையில் இருந்த கைதிகள் துணி துவைக்கச் சோப்புப் போட்டபோதுதான் இந்தச் சங்கதி தெரியவந்ததாம். என் மனைவி, "துவைக்கப் போட்ட துணி எல்லாம் மரத்து மேல போய்த் தொங்கியிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வைஓடாபுவில் நடைபாதை மூன்று கிலோமீட்டர் சுற்று. ஆரஞ்சு விளிம்பு கட்டிய ஷாம்பெயின் குளம், மஞ்சள், பச்சை என்று வழி நெடுகக் குளங்கள். நடுநடுவே படிகள். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் பத்துப் படியிலேயே முகம் மாறிவிட்டது. "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இங்கே இருக்கேன்" என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மகனோ கடிகாரத்தைப் பார்க்கிறான். "அம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தான். டிக்கெட் வாங்கியாச்சு" என்கிறான். டிக்கெட்டை ரூபாயாக மாற்றிப் பார்த்திருந்த நானும், "எவ்வளவு செலவழிச்சு வந்திருக்கோம், கொஞ்சம் முயற்சி பண்ணேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நாப்பது வயசிலே கூட்டிட்டு வந்திருந்தா ஓடியே பார்த்திருப்பேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. மகன் மட்டும் ஒரு சுற்றுப் போய்ப் படம் எடுத்து வந்து காட்டினான். ஹூக்கா அருவிக்கும் போகவில்லை, கேபிள் காருக்கும் போகவில்லை. அறைக்குத் திரும்பினோம்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால்தான் அவள் சொன்னதன் கனம் உங்களுக்குப் புரியும். 1978-ல் வங்கியில் சேர்ந்தேன். 2014-ல் ஓய்வு பெற்றேன். முப்பத்தாறு வருஷம். வங்கிக்காரர்களுக்கு எல்.எஃப்.சி. என்று ஒன்று உண்டு. குடும்பத்தோடு சுற்றுலா போக வங்கியே பயணச் செலவைக் கொடுக்கும். ஆரம்பத்தில் சொந்த ஊருக்குப் போய்வந்து அதைக் கழித்தேன். அதைக் காசாக வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி வந்த பிறகு ஒரு தடவைகூட விடாமல் காசாக்கினேன். ஒரு தடவை தங்கை கல்யாணக் கடன். ஒரு தடவை மகன் காலேஜ். இவை நியாயம். ஆனால் ஒரு தடவை மாடிக்கு ஓடு பதித்தேன். இன்னொரு தடவை சோபா வாங்கினேன். அந்தச் சோபாவில் இன்றைக்குத் துவைத்த துணி மடிக்காமல் கிடக்கிறது. இதையெல்லாம் சொல்லக் காரணம், அவள் எங்கேயாவது போகலாம் என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: "ரிட்டயர் ஆனதும் நிதானமாகப் போகலாம்."

மறுநாள் காலை மகனின் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு எங்களை எங்கேயாவது உட்கார வை. அது போதும்" என்றேன். அவன் கொஞ்சம் வாடித்தான் போனான். ஆனாலும் கூட்டிக்கொண்டு போய் விட்ட இடம்தான் குயிராவ் பூங்கா. ஊர் நடுவில் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. வேலி போட்ட பள்ளங்களில் சேறு கொதிக்கிறது, உளுந்தங்களி கிண்டும்போது 'பொளக் பொளக்' என்று கொப்பளிக்குமே, அப்படி. ஒரு குளம் முழுக்க ஆவி. 2001-ல் ஒரு நாள் திடீரென்று அங்கே சேறும் கல்லும் வெடித்துக் கிளம்பி மரங்களுக்கு மேலே போனதாம். அதே பூங்காவில்தான் கால் நனைக்க வெந்நீர்த் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். மேலே கூரை உண்டு, சுற்றிலும் உட்காரத் திண்டு உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், ஊர்க் கிழவிகள், எங்களைப் போல வந்தவர்கள் என்று எல்லோரும் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பத்து நிமிஷத்தில் அவள் முகம் தெளிந்தது. முழங்காலை நீவிக்கொண்டே, நான் கேட்காமலேயே, 1989-ல் எங்கள் கிளை ஊழியர்கள் வேன் பிடித்து ஊட்டியும் மைசூரும் போனதைச் சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் போகவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன். அது எனக்கு லேசாக நினைவிருந்தது. எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. ஊட்டியில் குளிருமே என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் இவள் ஒரு ஸ்வெட்டர் இரவல் வாங்கி வைத்திருந்தாளாம். நான் வேண்டாம் என்று சொன்ன அன்று சாயங்காலம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாளாம். "போட்டே பார்க்கலையாட்டின்னு அந்த அக்கா கேட்டாங்க. அதான் மறக்க மாட்டேங்குது" என்றாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது.

காலை வெளியே எடுத்தபோது அவளுடைய வெள்ளி மெட்டிகள் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தன. கந்தகத் தண்ணீரில் வெள்ளி கறுத்துப்போகும். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பதறிப்போய்விட்டேன். அவள், "விபூதி போட்டுத் தேச்சா வெளுத்துடும். விடுங்க" என்றாள்.

அன்று மாலை ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். கறுப்பு அன்னங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் மொகோயா என்ற தீவு. அந்தத் தீவில் இருந்த டூட்டானேகாயின் குழலோசையைக் கேட்டு, ஹினேமோவா என்ற பெண் இரவில் ஏரியை நீந்திக் கடந்தாள் என்பது அவர்கள் எல்லோரும் சொல்லும் கதை. படகை எடுக்க முடியாதபடி வீட்டார் செய்துவிட்டதால், சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டு நீந்தினாளாம். நம் ஊர்க் கிணறுகளில் நாம் நீச்சல் பழகிய அதே சுரைக்குடுக்கை! அக்கரை சேர்ந்ததும் குளிருக்கு ஒரு வெந்நீர்க் குளத்தில் இறங்கினாளாம். "அவ கெட்டிக்காரி. வயசுலேயே கிளம்பிட்டா" என்றாள் என் மனைவி. இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மூன்றாவது நாள் வைமாங்கு. எரிமலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கே போக வேண்டும். 1886-க்கு முன்னால் ரோட்டோமஹானா ஏரிக்கரையில் இரண்டு இயற்கைப் படிக்கட்டுகள் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு. வெந்நீரில் கரைந்து வந்த சிலிக்கா படிந்து படிந்து உண்டான பளிங்குப் படிகள். ஒவ்வொரு படியிலும் இதமான வெந்நீர்த் தொட்டி. அதைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்தார்கள். தே வைரோவா கிராமத்து மாவோரிகள் படகோட்டிக் கூட்டிப்போவார்கள். சோஃபியா என்ற பெண் அவர்களில் பேர்பெற்ற வழிகாட்டி. 1886 ஜூன் 10, நள்ளிரவு தாண்டித் தாராவேரா மலை வெடித்தது. விடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிராமங்கள் சேற்றில் புதைந்தன. சோஃபியாவின் வீட்டுக் கூரை உறுதியாக இருந்ததால் அதற்குள் ஒதுங்கிய பலர் பிழைத்தார்கள். படிக்கட்டுகள் இரண்டும் போயின. அவற்றின் மிச்சம் ஏரிக்கு அடியிலோ கரையிலோ இருக்குமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வெடிப்பில் பிறந்த பள்ளத்தாக்குதான் வைமாங்கு. நடை முழுவதும் இறக்கம். நடுநடுவே நிறுத்தங்கள் உண்டு, அங்கே ஏறிக்கொண்டால் பஸ் மேலே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அவளால் முடிந்த தூரம் நடந்தாள், மீதியை பஸ்ஸில் பார்த்தாள். அடுத்த கோடைக்குப் படிக்கட்டைப் பார்க்கலாம் என்று 1886-ல் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்! எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு நண்பர் நிச்சயம் குறுக்கிடுவார். "நமக்கு என்ன சார் வசதி இருந்தது? இரண்டு தங்கச்சி, ஒரு தம்பி, வாடகை வீடு. ஊர் சுற்றவா முடியும்?" உண்மைதான். என் முப்பத்தாறு வருஷத்தில் பாதிக்கு இந்தப் பதில் பொருந்தும். தங்கை கல்யாணத்தை விட்டுவிட்டு ஊட்டிக்குப் போயிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மீதிப் பாதி? அது வசதிக் குறைவு அல்ல, பழக்கம். செலவு செய்யாமல் இருப்பதே ஒரு நல்ல குணம் என்று நாமே நமக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டோம். குற்றாலம் நமக்கு ஒன்றரை மணி நேரம். சீசனில் நூறு ரூபாயில் போய்வந்திருக்கலாம். வெளியூர் விருந்தாளி வந்தால்தான் நான் குற்றாலமே போனேன். இதற்கு எந்தத் தங்கையையும் காரணம் சொல்ல முடியாது.

ஊருக்குத் திரும்புகிற அன்று காலையில் பொஹுட்டு ஊற்றைப் பார்த்தோம். முப்பது மீட்டர் வரைகூட எழும்பும். எதிரில் கல் படிகள், அடியில் பூமிச் சூடு இருப்பதால் உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது. சோப்புப் போட வேண்டியதில்லை, அதுவாகவே மணிக்கு ஒரு தடவை இரண்டு தடவை பொங்குகிறது. ஆனால் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் இந்த ஊற்றுகளுக்கு ஆபத்து வந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு, விடுதிக்கு விடுதி குழாய் இறக்கி, குளிக்கவும் அறையைச் சூடாக்கவும் பூமியிலிருந்து வெந்நீர் எடுத்தார்கள். அடியில் அழுத்தம் குறைந்து ஊற்றுகள் ஒவ்வொன்றாக ஓய ஆரம்பித்தன. பாப்பகுரா என்ற ஊற்று 1979-ல் நின்றே போனது. 1986-ல் அரசு ஒரு முடிவெடுத்தது. பொஹுட்டுவிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த குழாய்க் கிணறுகளை மூடச் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. வீட்டு வெந்நீரை விட யாருக்கு மனசு வரும்? சண்டை நடந்தது. ஆனாலும் மூடினார்கள். மெல்ல மெல்ல ஊற்றுகள் தெளிந்தன. பாப்பகுரா 2015-ல் மறுபடி பொங்கியது. 1979-க்கும் 2015-க்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பத்தாறு வருஷம். என் சர்வீஸும் அவ்வளவுதான்.

எல்லாமே இப்படித் திரும்பி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதே வட்டாரத்தில் வைராகேயில் 1958-ல் பூமி ஆவியால் ஓடும் மின் நிலையம் வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த ஊற்றுகள் ஓய்ந்தன, திரும்பவில்லை. ஒராகேய் கொராகோவில் 1961-ல் அணை நீர் தேங்கியபோது பல ஊற்றுகள் தண்ணீருக்குள் போயின. அவையும் போனவைதான். என் மனைவியின் முழங்காலும் இந்த இரண்டாவது வகைதான். டாக்டர் அதைச் சொல்லிவிட்டார். மீதி இருப்பதை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் இப்போது கேள்வி.

ஆகவே என் கருத்து இது. இன்னும் வேலையில் இருக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வருஷத்துக்கு ஒரு பயணம் போங்கள். பக்கத்து ஊராக இருந்தாலும் சரி. கடன் வாங்கிப் போக வேண்டாம். ஆனால் 'அப்புறம்' என்று சொல்லிச் சேமிக்காதீர்கள். பயணத்துக்குக் கால் வேண்டும், கால் வங்கியில் வட்டி போட்டு வளர்வதில்லை.

என்னைப் போல் ஏற்கெனவே தாமதமானவர்களுக்கு வேறு சொல்ல வேண்டும். போகாமல் இருந்துவிடாதீர்கள், ஆனால் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். படி எத்தனை, பஸ் உண்டா, கழிப்பறை எங்கே, உட்கார இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகள் செலவழிக்கும்போது டாலரை ஐம்பதால் பெருக்காதீர்கள். நான் பெருக்கியதால்தான் வைஓடாபு பெஞ்சில் அந்த வார்த்தையைக் கேட்டேன். ரோட்டோருவா பக்கம் போகிறவர்கள், வெந்நீர்க் குளத்தில் இறங்கினால் தலையை முக்க வேண்டாம், கிருமி ஆபத்து உண்டு என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். வெள்ளி நகையை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. அப்பா அம்மாவைக் கூட்டிப்போவது உங்கள் பாசம், தெரியும். ஆனால் நாங்கள் எத்தனை இடம் பார்த்தோம் என்று எண்ணாதீர்கள். எங்களை ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். என் மகன் இரண்டாம் நாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றிவிட்டு எங்களோடு தொட்டியில் காலை விட்டு உட்கார்ந்தான். அவன் அம்மா சின்ன வயதில் ஊட்டிக்குப் போகாத கதையை அவனும் அன்றைக்குத்தான் கேட்டான்.

மெட்டி இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. இடுக்குகளில் கறுப்பு இருக்கிறது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வருகிற மே மாதம் ஊட்டிக்கு இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில், ஏறி உட்கார்ந்தால் போதும், படி இல்லை. போன வாரம் டவுனுக்குப் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தேன். நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நிறம் சுமார்தான்" என்று சொன்னாள். பிறகு மடித்து பீரோவில் அவள் பக்கத்து அடுக்கில் வைத்துக்கொண்டாள்.